‘தயக்கம்’ என்னும் சொல்லும் தோட்டப்புற வாழ்வும்

மெர்போக் என்பது மலாய் மொழியில் ஒரு புறாவின் பெயர். கழுத்தில் வரிகள் உடைய அச்சிறு புறாவை அதன் குரலுக்காகக் கூண்டில் வைத்து வளர்ப்பார்கள். ஜெராய் மலையின் அடியில் உள்ள ஆற்றுக்கும் சிற்றூருக்கும் அதே பெயர். கெடாவைப் பற்றி எழுதுவோர் கடாரத்தில் தொடங்கி, 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படையை வருணித்து, பூஜாங் பள்ளத்தாக்கின் கற்கோயில் அடித்தளங்களில் முடிப்பது வழக்கம். அவ்வழியில் ஈண்டு நான் செல்லவில்லை. என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது ஒரு கல்வெட்டு அன்று; ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரைப் புத்தகம்.

‘என் அம்மா’ என்பது தலைப்பு. உதவித்தொகைக்கான பாரத்தைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்ததாம். “ஆனால் அம்மாவுக்கு அலுவலகத்துக்கு வரச் செகான்” என்று எழுதியிருந்தாள். செகான் என்பது மலாய்ச் சொல். பிறமொழிச் சொல்லை நீக்கித் தமிழ்ச் சொல்லை இடுவது ஆசிரியர் கடமை அல்லவா? கையருகில் கிடந்த சிறு அகராதியைப் புரட்டினேன். முதலில் கண்ட பொருளை எடுத்து, செகானைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘சோம்பல்’ என்று எழுதிவிட்டேன். புத்தகம் திரும்பிச் சென்ற மறுநாள் அவள் என் மேசை அருகே வந்து நின்றாள். “அம்மா சோம்பேறி இல்லைங்க ஐயா. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுச் சமைச்சு வச்சிட்டுத்தான் ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போறாங்க” என்றாள்.

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனுக்கு அதைவிடத் தக்க திருத்தம் வேண்டியதில்லை. செகானுக்குச் சோம்பல் நேர் அன்று. எனின், நேரான தமிழ்ச் சொல் எது? தயக்கமா, கூச்சமா, நாணமா, மனமின்மையா? விடை எளிதென்று நினைத்தே தேடத் தொடங்கினேன்.

முதலில் மலாய்ச் சொல்லையே பார்ப்போம். செகான் என்பதில் விருப்பமின்மை உண்டு, வெட்கம் உண்டு, மேலோர்முன் தோன்றும் மரியாதையும் உண்டு. ‘டிசெகானி’ என்று செயப்பாட்டு வடிவம் பெறும்போது பிறரால் மதிக்கப்படுபவர், அஞ்சிப் பணியப்படுபவர் என்று பொருளாகிறது. வாழவும் செகான், சாகவும் விருப்பமில்லை என்னும் கருத்துடைய மலாய்ப் பழமொழி ஒன்றும் உண்டு. இழுபறியாக நடக்கும் கடைக்கும் சங்கத்துக்கும் அதைச் சொல்வார்கள். இத்தனையும் ஒரே சொல்லில் அடங்குவதால்தான் நம் பிள்ளைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். முற்காலத்தில் நம் கடை அவர்களிடம் கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பல் ஆயிற்று. பெட்டியும் கட்டிலும் அவ்வாறே கடல் கடந்தன. பண்டங்களின் பெயரைக் கொடுத்த நாம் இன்று ஓர் உணர்ச்சியின் பெயரைக் கடன் வாங்குகிறோம். கடன் வாங்குவதில் இழிவில்லை. ஆனால் வீட்டில் இருப்பது என்னவென்று பார்க்காமல் வாங்குவது சிக்கனமன்று.

வீட்டில் இருப்பதோ மிகுதி. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை நம் ஆசிரியர்கள் அறிவர். நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளோடு அமையாமல், வேறு முப்பத்திரண்டையும் தொல்காப்பியர் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் நாணுதல் தனியாக நிற்கிறது, வெரூஉதல் தனி, மடிமை தனி, ஐயம் தனி, நடுக்கமும் தனி. ஒருவன் ஒரு காரியத்தில் கால் வைக்காமல் நிற்கிறான் என்றால், புறத்தே காண்பவனுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அவன் வெட்கத்தால் நிற்கிறானா, வெருண்டு நிற்கிறானா, சோம்பி நிற்கிறானா, இதுவோ அதுவோ என்று ஐயுற்று நிற்கிறானா என்பதை வேறு பிரித்து அறிய வேண்டும் என்பது அவ்வாசிரியர் கருத்து. வள்ளுவரும் அப்படியே. மடியின்மைக்கு ஓர் அதிகாரம். நாணுடைமைக்கு வேறு அதிகாரம். முன்னதில் நீக்கத்தக்கதாகச் சொல்லப்படுவது மடி. பின்னதில் போற்றத்தக்கதாகச் சொல்லப்படுவது நாண். மடியின்மையிலேயே, காலம் நீட்டிக்கும் இயல்பை நெடுநீர் என்றும் சோம்பலை மடி என்றும் பிரித்து, மறதியோடும் உறக்கத்தோடும் சேர்த்து நான்காக எண்ணுகிறார். காலம் தாழ்ப்பவன் எல்லாம் சோம்பேறி அல்லன் என்பது அந்த எண்ணிக்கையிலேயே அடங்கியிருக்கிறது. நான் சிவப்பு மை எடுக்குமுன் அதை நினைத்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியல்களில் தயக்கம் இல்லை. ஏன் இல்லை என்று ஆராயும்போதுதான் சொல்லின் வரலாறு சுவை தருகிறது. அக்காலத்தில் தயங்குதல் என்பது பெரும்பாலும் மனத்தின் தொழிலாகவே வழங்கவில்லை. சங்கப் பாடல்களில் கடலலை தயங்கும். அசைதல், அசைந்து ஒளிர்தல் என்பதே அங்கே பொருள். காற்றில் ஆடும் நீர்ப்பரப்பின் மீது வெயில் படும்போது, ஒளி ஓரிடத்தில் நில்லாமல் இங்கும் அங்குமாகத் துள்ளுகிறதே, அதுதான் தயக்கம். மெர்போக் ஆற்றின் கழிமுகத்தில் காலையில் நின்று பார்ப்பவர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் ஒளிர்தல், அசைதல் என்னும் பொருள்களை மனக்கலக்கப் பொருளோடு சேர்த்தே தருகிறது. ஒளி எங்கே, மனமின்மை எங்கே என்று மலைப்பவர்கள், இடையில் உள்ள அசைவை நோக்க வேண்டும். அலை அசைந்தது, அலைமேல் ஒளி அசைந்தது, பின்னர் மனம் அசைந்தது. முதல் இரண்டையும் பேச்சு வழக்கு கைவிட்டது. மூன்றாவது மட்டும் எஞ்சியது.

இவ்வாறு நிகழ்ந்தது ஒரு சொல்லுக்கு மட்டும் அன்று. தூங்குதல் என்றால் தொங்குதல், தொங்கி ஆடுதல் என்பது பழைய பொருள். கூட்டைத் தொங்கவிடும் குருவி தூங்கணாங்குருவி ஆனது அதனால்தான். அது உறங்கிக்கொண்டே இருக்கும் குருவி அன்று! அந்தத் தூங்குதல் வள்ளுவரின் வினைசெயல்வகையில் காலம் தாழ்த்திச் செய்தல் என்னும் பொருளில் வருகிறது. தாழ்த்திச் செய்யத்தக்கதைத் தாழ்த்தியே செய்ய வேண்டும், விரைந்து செய்யத்தக்கதில் தாழ்க்கலாகாது என்கிறார் அவர். இன்றோ தூங்குதல் உறக்கமாகிவிட்டது. தொங்குவது ஆடும், ஆடுவது நிலைபெறாது, நிலைபெறாதது காலம் தாழ்க்கும். மனம் ஊசலாடுகிறது என்று நாம் இன்றும் சொல்கிறோம். மயங்குதல் கலத்தலிலிருந்தும், கலங்குதல் சேறுபடும் நீரிலிருந்தும் மனத்துக்கு வந்தவை. கலங்கிய நீரில் அடி தெரியாது. தயங்கும் நீரிலோ அடி தெரியவும் கூடும். நீர் நிற்கவில்லை, அவ்வளவே. ஆகவே தயங்குபவன் அறியாதவன் அல்லன். இரு பக்கமும் கண்டவன் அவன். கண்டதனால் ஒரு பக்கம் சாயாதிருக்கிறான்.

இதனை விருப்பமின்மையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். விருப்பமின்மையில் ஒரு பக்கமே உண்டு. ‘அவன் போகத் தயங்கினான்’ என்னும்போது போக வேண்டும் என்பதும் அவன் மனத்தில் இருக்கிறது. வேண்டா வெறுப்பு என்பதோ இன்னொன்று. அங்கே காரியம் நடந்துவிடுகிறது, மனம் மட்டும் வரவில்லை. ஆங்கிலத்தின் ரிலக்டன்ஸ் என்னும் சொல் இலத்தீன் மொழியில் எதிர்த்து மல்லாடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. வடமொழியின் சங்கோசம் சுருங்குதல் என்னும் பொருளுடையது. நம் கூச்சம் அதற்கு அணித்தானது. ஆனால் உடலோடு இன்னும் ஒட்டியிருப்பது. வெயிலில் கண் கூசும். புளி தின்றால் பல் கூசும். அந்தக் கூச்சமே பெரியவர் முன்னிலையில் மனத்துக்கும் வருகிறது. யாழ்ப்பாணத்தார் ‘பஞ்சி’ என்றொரு சொல் வழங்குவர். ‘எழும்பப் பஞ்சியாய்க் கிடக்கு’ என்றால், சோம்பலும் மனமின்மையும் பாதி பாதியாகக் கலந்த நிலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர்கள் வீட்டில் இச்சொல்லைப் பழையவர்கள் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு மொழியும், ஒரு மொழிக்குள்ளேயே ஒவ்வொரு நாட்டு வழக்கும், இந்த உணர்ச்சியை வேறு வேறு பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறது.

இன்னும் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் போவோம். அது ‘மாட்டேன்’ என்பது. இன்று அது முகத்தில் அறைந்தாற் போன்ற மறுப்பு. ஆனால் மாட்டுதல் என்பதற்குப் பழைய பொருள் இயலுதல். மாட்டேன் என்றால் என்னால் இயலவில்லை என்பதுதான். ‘சுமக்க மாட்டாமல் சுமந்து வந்தாள்’ என்னும் வழக்கில் அப்பொருள் இன்னும் பிழைத்திருக்கிறது. இயலாமையைச் சொல்லிய சொல் எவ்வாறு மறுப்பைச் சொல்வதாயிற்று? மறுக்க நினைப்பவன் ‘எனக்கு இயலாது’ என்று பணிவாகச் சொல்லிச் சொல்லி, நாளடைவில் பணிவு தேய்ந்து மறுப்பு மட்டும் எஞ்சியது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதோ நம் காலத்திலேயே ‘முடியாது’ அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ‘முடியாது போ’ என்பவன் தன் ஆற்றலின் குறைவை அறிவிக்கவில்லை அல்லவா? நேருக்கு நேர் மறுக்க இயலாத இடத்தில் தமிழன் இயலாமையின் போர்வையைப் போர்த்துக்கொண்டு மறுத்திருக்கிறான். போர்வையைக் கண்டவர்கள் அதுவே ஆள் என்று எண்ணினார்கள்.

கெடா 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. ரப்பர் விலை ஏறியிருந்த காலம் அது. ஜெராய் மலையைச் சுற்றிலும், சுங்கைப் பட்டாணி, பீடோங் பகுதிகளிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. வேலைக்கு ஆள் வேண்டும். அருகிலேயே மலாய்க் குடியானவர்கள் இருந்தனர். அவர்கள் வரவில்லை. வராததற்குத் துரைமார் கண்ட காரணம் ஒரே சொல்: சோம்பல். அதே கெடாவில் 1885இல் வான் மாட் சாமான் வெட்டத் தொடங்கிய கால்வாய், அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, சதுப்பு நிலத்தை வயலாக்கியது. அந்த வயல்களில் உழுது நெல் விளைத்தவர்கள் இந்தச் ‘சோம்பேறிகள்’தாம். தமக்கென வயலும் படகும் உடையவன், விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் வேலைக்கு ஏன் வர வேண்டும்? அவனுக்கு இருந்தது விருப்பமின்மை. நன்கு எண்ணிய விருப்பமின்மை. அதை மடி என்று எழுதிவைத்தார்கள். சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட, சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதையைப் பற்றிய ஆங்கில நூல் இதனை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் உழைக்க மறுத்ததையே குடியேற்ற ஆட்சியினர் சோம்பல் என்று பெயரிட்டனர் என்பது அவர் முடிபு. மலாய்க்காரரைப் பற்றிய நூல் என்று அதை நம்மவர் பலர் தொடுவதில்லை. தொட வேண்டும். நாம் இந்நாட்டுக்கு வரவழைக்கப்பட்ட கதையின் முதல் பக்கம் அதிலேதான் இருக்கிறது.

மலாய்க்காரன் வராத இடத்துக்குக் கங்காணி தமிழனைக் கொண்டுவந்தான். தமிழனைப் பற்றித் துரைமார் எழுதிய சொல் வேறு. அடக்கமானவன், சொன்னபடி கேட்பவன் என்றார்கள். முன்னவனின் மறுப்பைச் சோம்பலாகப் படித்தவர்கள், பின்னவனின் தயக்கத்தைச் சம்மதமாகப் படித்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் சட்டப்படி நிறுத்தப்படும் வரை, வேலைக்கு வராமையும் தோட்டத்தை விட்டு ஓடுவதும் தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன. அப்படியிருந்தும் ஓடினார்கள். அடக்கம் இயல்பாக இருந்திருந்தால் அதற்குச் சட்டமும் சிறையும் எதற்கு? அதன்பின் கங்காணி முறை மட்டும் நீடித்தது. கங்காணி ஊரானாக இருப்பான். சில வேளை உறவினனாகவும் இருப்பான். அவனிடம் எப்படி ‘மாட்டேன்’ என்பது? ‘பார்க்கலாம்ங்க’, ‘உடம்புக்கு முடியலைங்க’ என்று சொல்லப்பட்டது. இச்சொற்களை ஆவணங்களில் தேடினால் கிடைக்கமாட்டா. பெரட்டுப் புத்தகத்தில் வருகையும் வராமையும் உண்டு. தயக்கத்துக்குப் பத்தி இல்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் இங்கே நினைக்கத்தக்கது. அதன் கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுதல் இருந்தது. கூடவே ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. ஆண்டாண்டாக இறங்கி நின்றவர்கள் அவர்கள். இறங்கியதைப் பார்த்த துரைக்கு அது மரியாதை. இறங்கியவனுக்கு அது என்னவாக இருந்தது என்பது 1941இல்தான் எழுத்தில் வந்தது. செகான் என்னும் சொல்லில் மரியாதையும் மனமின்மையும் ஒன்றாய்ப் பிணைந்துள்ளதை மேலே கண்டோம். அப்பிணைப்பை யாரும் இதைவிடத் தெளிவாக விளக்கியதாக நான் அறியேன்.

கெடாவின் முறை போருக்குப் பின் வந்தது. 1946-47இல் மெர்போக்கை அடுத்த பீடோங் பகுதியில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிப்பது அதன் முதல் வேலை. சீருடை அணிந்து அணிவகுத்து நடந்த தோட்டத்து இளைஞர்களைக் கண்டு அதிகாரிகள் திகைத்தார்கள். இவர்களைத்தான் நாம் அடக்கமானவர்கள் என்று எழுதி வைத்திருந்தோமே என்பது அத்திகைப்பின் பொருள். 1947இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலையொட்டிப் போலீசாரோடு மோதல் ஏற்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, பலர் சிறை சென்றார்கள். திடீர் வெறி என்று சொல்லிவிடுவது எளிது. அலை அதற்கு முன்னும் அசைந்துகொண்டுதான் இருந்தது என்பேன். அதைத் தேங்கிய நீர் என்று எண்ணியவர்களுக்கே அது திடீரென்று தோன்றியது.

இவ்வளவும் எண்ணிய பின் அந்த மாணவியின் புத்தகத்தைத் திரும்ப வாங்கினேன். ‘சோம்பல்’ என்று நான் எழுதியதை அடித்தேன். அந்த இடத்தில் எதை எழுதுவது? வகுப்பையே கேட்டேன். ‘கூச்சம்’ என்றனர் பலர். ‘தயக்கம்’ என்றாள் ஒருத்தி. அது தேர்வுக்கு எழுதும் சொல் என்றும் சொன்னாள். ‘பயம்’ என்றான் ஒருவன். மற்றவர்கள் அவனை மறுத்தார்கள். அலுவலகத்தில் இருப்பவர் நல்லவர்தாம் என்றும், அவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை என்றும் வாதிட்டார்கள். பின் வரிசையில் இருந்த சிறுவன் ‘மரியாதை’ என்றபோது சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் செகானின் பாதிப் பொருளைச் சரியாகவே சொல்லியிருந்தான்.

முடிவு எட்டாமல் மணி அடித்தது. உன் அம்மா அன்று என்ன சொல் சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டு வா என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாள் கேட்டு வந்தாள். செகான் என்று அவர் சொல்லவே இல்லையாம். அது இவளே இட்ட சொல்லாம். கூச்சம், தயக்கம் என்றும் சொல்லவில்லை.

“‘அங்க போய்க் கேக்க ஒரு மாதிரியா இருக்கு’ன்னு சொன்னாங்க, ஐயா.”

அதையே எழுதச் சொன்னேன். பாரத்தை அன்று மாலை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினோம்.